புண் 'மாறியது' என்று எப்போது எழுதுவது?

(வவுனியாவில் கிராமச் சுகாதாரத் தொண்டர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பானவர்களே, மணல் ஈ நுளம்பைவிட மிகச் சிறியது, சத்தமும் போடாது. கடிபட்டவர்களிலேயே பலர் அதைக் கண்டதில்லை. அது பரப்பும் தோல் லீஷ்மேனியா, அதாவது ஒட்டுண்ணியால் தோலில் புண்ணோ கட்டியோ வரும் நோய், இலங்கையிலேயே தொற்றியதாக முதலில் 1992இல் பதிவானது. 2008 முதல் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய். இந்தியாவில் மண்ணீரலை வீங்க வைத்து ஆளையே கொல்லும் லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணிதான் இங்கேயும் காரணம். ஆனால் இங்கே அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. நோவில்லை, அரிப்புமில்லை. வயல் வேலையைக் கெடுக்காத புண்ணுக்கு யார் கிளினிக் வருவார்?

வந்தாலும், கிழமைக்கொரு தடவை புண்ணுக்குள்ளேயே சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேற் ஊசி. நோகாத புண்ணுக்கு நோகிற வைத்தியம்! அதனால்தான் மரக்கச் செய்துவிட்டு 50 பாகை செல்சியஸ் சூட்டை 30 செக்கன் கொடுக்கும் முறையை இலங்கையிலும் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படி ஒப்பிடும்போது எங்கே பிழைக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் ஒட்டுண்ணியைக் காட்ட வேண்டும். மாதிரியைப் புண்ணின் நடுவில் சுரண்டினால் செத்த தசையும் சீழும்தான் வரும். தடித்த விளிம்பில் எடுத்து, ஒட்டுண்ணி தெரியக் கீம்சா என்ற சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். அடுத்தது சீட்டுக் குலுக்கல். யாருக்குச் சூடு, யாருக்கு ஊசி என்பதை வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத கடித உறைதான் சொல்ல வேண்டும். பார்த்துப் பிரித்தால் சின்னப் புண்ணெல்லாம் புது வைத்தியத்தின் பக்கம் போய்ச் சேரும். சிகிச்சையை நோயாளியிடம் மறைக்க வழியில்லை. ஆகவே புண்ணை அளப்பவருக்காவது அது தெரியக்கூடாது.

பொருக்குக் காய்ந்ததைக் கண்டு 'மாறிற்று' என்று எழுதிவிடாதீர்கள். அதன் கீழே பச்சையாக இருக்கலாம். 90ஆம் நாளில் புதுத்தோல் முழுவதும் மூடியிருந்தால்தான் முதற்கட்டக் குணம். 180ஆம் நாளிலும் திரும்ப வராதிருந்தால்தான் முடிவான குணம். நம்மிடம் வருவதில் பல, புண்ணே இல்லை, கட்டி. அதற்குத் 'தோல் மூடியது' என்ற கணக்குப் பொருந்தாது. தட்டையாகிவிட்டதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இதை ஆய்வு தொடங்குமுன்பே எழுதி வைக்காவிட்டால், முடிவில் ஆளுக்கொரு தீர்ப்பு.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை, வராமல் போனவர்கள். கணக்கொன்று போடுவோம்: 100 பேரைச் சேர்த்தோம், 80 பேர் திரும்பி வந்தார்கள், 64 பேருக்கு மாறியிருந்தது. வந்தவர்களை மட்டும் எண்ணினால் 80 வீதம், சேர்த்தவர்களை எண்ணினால் 64. வராத இருபது பேருக்கும் மாறிவிட்டதா, நோவு தாங்காமல் வேறிடம் போனார்களா? கடதாசி சொல்லாது.

ஆகஸ்டில் சேர்த்தவருக்கு 180ஆம் நாள் பெப்ரவரியில் வரும். காலபோக அறுவடை! நெல் வெட்டுகிறவரிடம் கிளினிக்குக்கு வரச் சொல்வது நடக்காத காரியம். எத்தனை நாள் முந்தலாம், எத்தனை நாள் பிந்தலாம் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டு, அளப்பவர் அடிமட்டத்தோடு வயல் வரம்புக்குப் போகட்டும். அங்கேயே நீளம், அகலம், அடிமட்டம் தெரிய ஒரு படம்.