கிலுகிலுப்பை ஒலிக்காத படம்

[காட்சி: அதிகாலை. சகுவாரோ கள்ளிகள் நிற்கும் மலைச்சரிவு.]

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்தின் கிழக்கிலும் மேற்கிலும் இரு பகுதிகளாகக் கிடக்கும் சகுவாரோ தேசியப் பூங்கா, ஆறேழு ஆள் உயரத்துக்கு வளரும் கள்ளிகளுக்குப் பெயர்போனது. அந்தக் கள்ளிகளின் காலடியில் படுத்திருக்கும் கிலுகிலுப்பை விரியனைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

[காட்சி: கல்லோரம் சுருண்டிருக்கும் பாம்பு, தொலைவிலிருந்து.]

இது மேற்கத்திய வைரமுதுகு விரியன். தட்டுப் போலச் சுருண்டு, தலையைச் சுருளின் விளிம்பில் சாய்த்து, எலி வரும் தடத்தைப் பார்த்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே தெரியும் சிறு குழி, இரையின் உடல் வெப்பத்தை உணரும் உறுப்பு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் குழிவிரியன்களுக்கும் இதே குழி உண்டு.

[காட்சி: வால் நுனி, மிக அருகில்.]

கறுப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு அடுத்து இருப்பதுதான் கிலுகிலுப்பை. நம் நகத்தில் உள்ள கெரட்டினால் ஆன வெற்றுக் கண்ணிகள் இவை. உள்ளே மணியோ கல்லோ கிடையாது, கண்ணிகள் ஒன்றோடொன்று மோதுவதே ஒலி. சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி கூடும். ஆனால் ஓராண்டில் பலமுறை சட்டை உரிவதாலும், நுனிக் கண்ணிகள் ஒடிந்துபோவதாலும், கண்ணிகளை எண்ணி வயது சொல்ல முடியாது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆள் நெருங்க நெருங்க வாலின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 40 முறை வரை படிப்படியாக உயர்ந்து, பிறகு திடீரென 60-க்கு மேல் தாவுகிறது. கேட்பவருக்கோ பாம்பு இருக்கும் இடத்தைவிட இன்னும் அருகில் வந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

ஆகவே, உங்கள் வீடியோவில் அந்த ஒலி பதிவாகியிருந்தால், நீங்கள் வரம்பு மீறிவிட்டீர்கள் என்று பொருள். தலையைத் தூக்கி, கழுத்தை வளைத்து நிற்கும் பாம்பின் படங்களை 'கம்பீரம்' என்று பலர் பகிர்கிறார்கள். எனக்கு அவற்றில் தெரிவது மிரட்டப்பட்ட ஒரு விலங்கு மட்டுமே.

[காட்சி: முக்காலியில் கேமரா.]

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் காட்டு விலங்குகளிடமிருந்து பொதுவாக 23 மீட்டர் விலகி நிற்கச் சொல்கின்றன. அங்கிருந்து 400 மி.மீ. லென்ஸில் பார்த்தாலும் படத்தின் அகலம் ஏறக்குறைய 2 மீட்டர் நிலத்தைக் காட்டும். சுருண்ட பாம்பு அதில் ஐந்தில் ஒரு பங்குதான். இருக்கட்டும். கல்லும் முள்ளும் நிழலும் சேர்ந்த அந்தப் படத்தில்தான் அது வாழும் இடம் தெரிகிறது. கல்லைப் புரட்டுவதும் குச்சியால் சீண்டுவதும் கூடவே கூடாது. இருப்பிடத் தகவலை நீக்கிய பிறகே படத்தைப் பகிருங்கள். குளிர்காலப் பொந்துகளுக்குப் பாம்புகள் ஆண்டுதோறும் திரும்பி வருவதால், வேட்டையாடுவோருக்கு அந்த ஒரு தகவல் போதும்.

[காட்சி: தாயின் சுருளில் குட்டிகள்.]

கோடை முடிவில் தாய்ப் பாம்பு முட்டையிடாமல் குட்டிகளையே ஈன்று, அவை முதல் சட்டையை உரிக்கும் வரை பெரும்பாலும் உடனிருக்கும். பிறந்த குட்டியின் வாலில் இருப்பது ஒற்றைக் குமிழ். மோதுவதற்கு இன்னொரு கண்ணி இல்லாததால் ஆட்டினாலும் ஒலிக்காது. நஞ்சு மட்டும் பிறவியிலேயே உண்டு. அந்தப் பருவத்தில் முக்காலியை ஊன்றும் முன், காலடியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.