காவல்காரரிடம் முதலில் கேட்போம்: ஓவியச் சிகிச்சையும் மனதின் பகுதிகளும்

அனைவருக்கும் வணக்கம்.

என் தொழில் பின்னணியைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் முதலில் படித்தது ஓவியச் சிகிச்சை. அதற்குப் பிறகு, மனதைப் பல பகுதிகள் சேர்ந்து வாழும் ஒரு குடும்பமாகப் பார்க்கும் உளவியல் சிகிச்சையில் பயிற்சி எடுத்தேன். இன்று இரண்டையும் சேர்த்தே வேலை செய்கிறேன். சான்றிதழ்களை வரிசையாகச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. முதல் படிப்பில் நான் நம்பிக்கையோடு ஏற்றுக்கொண்ட ஒரு கருத்தை இரண்டாவது படிப்பு மறுபடி யோசிக்க வைத்தது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1938இல் காசநோய்க்காக ஒரு சானடோரியத்தில் இருந்தார். படுக்கையில் இருந்தபடியே வரைந்தார். அது தன்னைத் தேற்றுவதைக் கண்டு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். ‘ஆர்ட் தெரபி’ என்ற சொல்லை 1942இல் உருவாக்கியவர் அவர்தான். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், உள்மனம் படங்கள் வழியே பேசுகிறது என்றார். ஈடித் கிராமர், படத்தின் பொருளைத் தேடுவதைவிட வரையும் செயலே மனதைச் சீராக்குகிறது என்றார். இந்த இரண்டு போக்குகளுக்கும் நடுவில்தான் எங்கள் படிப்பு முழுவதும் நடக்கிறது.

ஈடித் கிராமரின் ஆசிரியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாஜிகள் அவரை இன்றைய செக் குடியரசில் இருக்கும் டெரெசின் முகாமில் அடைத்தார்கள். அங்கே அவர் குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு படத்திலும் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். 1944இல் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போவதற்கு முன் அவர் இரண்டு பெட்டிகளில் பத்திரப்படுத்திய சுமார் 4,500 படங்கள் தப்பின. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் தப்பவில்லை. எண்ணாகக் குறுக்கப்பட்ட ஒரு குழந்தை தன் பெயரைத் தன் படத்தில் எழுதுகிறது. படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எங்கள் தொழிலில் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, நான் ஏற்றுக்கொண்ட அந்தக் கருத்துக்கு வருகிறேன். ‘பேச்சால் போக முடியாத இடத்துக்கு ஓவியம் போகும், மனதின் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு நேரே வலியிடம் போய்ச் சேரும்’ என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. கொடிய அனுபவத்தை நினைவுகூரும்போது மூளையில் பேச்சோடு தொடர்புடைய ப்ரோக்கா பகுதியின் இயக்கம் குறைவதை 1996இல் வெளியான ஒரு சிறிய ஸ்கேன் ஆய்வு காட்டியது. வாய் அடைத்துப்போகும் இடத்தில் கை பேசுவதை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் அதை ஓவியத்தின் பெரிய வெற்றியாகவே நினைத்தேன்.

அப்புறம்தான் ‘இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்’ எனப்படும் முறையைப் படித்தேன். ஐ.எஃப்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வோம். ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் ஒரு குடும்பச் சிகிச்சையாளர். 1980களில் அவரிடம் புலிமியா என்ற உணவுக் கோளாறு உள்ளவர்கள் வந்தார்கள். ‘என்னில் ஒரு பகுதி சாப்பிடச் சொல்கிறது, இன்னொரு பகுதி என்னைத் திட்டுகிறது’ என்று அவர்கள் பேசியதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு கேட்டார். ஒரு குடும்பத்தில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி மல்லுக்கட்டுகிறார்களோ, கூட்டணி சேர்கிறார்களோ, அப்படியே இந்தப் பகுதிகளும் நடந்துகொள்வதைக் கண்டார்.

அவர் பகுதிகளை மூன்று வகையாகப் பிரித்தார். பழைய காயத்தையும் அவமானத்தையும் சுமப்பவர்கள், மனம் ஒதுக்கிவைத்தவர்கள். அவர்கள் வெளியே வந்துவிடாதபடி அன்றாட வாழ்க்கையைக் கட்டுக்குள் வைப்பவர்கள், நிர்வாகிகள். எதிலும் குறை காண்பதும், எல்லோரையும் திருப்திப்படுத்த ஓடுவதும் இவர்கள் வேலை. அதையும் மீறி வலி கிளம்பினால் எதைச் செய்தாவது அணைப்பவர்கள், தீயணைப்பு வீரர்கள். குடி, அளவுமீறிய சாப்பாடு, தன்னையே காயப்படுத்திக்கொள்வது எல்லாம் இவர்கள் கையாளும் வழிகள். இவர்கள் எல்லோருக்கும் அடியில் நிதானமும் பரிவும் அறியும் ஆவலும் கொண்ட ஒரு மையம் ஒவ்வொருவரிடமும் உண்டு; எந்தப் பகுதியும் அடிப்படையில் கெட்டதல்ல என்பது ஷ்வார்ட்ஸின் நிலைப்பாடு. தன்னை வெறுத்துக்கொண்டே வரும் ஒருவரிடம் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறுவதைக் காண்பீர்கள்.

இந்த முறையில் மீறக் கூடாத ஒரு விதி உண்டு. காவல் நிற்கும் பகுதிகளின், அதாவது நிர்வாகிகள், தீயணைப்பு வீரர்களின் சம்மதம் இல்லாமல் காயம்பட்ட பகுதியிடம் போகக் கூடாது. இதைப் படித்தபோது, ஓவியத்தின் வெற்றி என்று நான் நினைத்தது எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. தடுப்புகளைச் சுற்றிப் போவது என்றால் வாசலில் காவல் இருக்கும் வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைவதுதானே? ஒருவர் ஈரக் களிமண்ணைப் பிசைகிறார். எதிர்பாராமல் பழைய நினைவு பீறிடுகிறது. அழுகிறார், மனம் லேசானதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் அன்று இரவு அவருடைய தீயணைப்பு வீரர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள். அடுத்த வாரம் அவர் வருவதில்லை. சிகிச்சை அறையில் நடந்ததை மட்டும் பார்ப்பவருக்கு அது அருமையான அமர்வாகத்தான் தெரியும்.

அதனால் நான் காவல் பகுதிகளிடமிருந்துதான் தொடங்குகிறேன். பலரும் வந்து உட்கார்ந்ததும் ‘எனக்கு வரையவே வராது’ என்பார்கள். முன்பெல்லாம் ‘பரவாயில்லை, கிறுக்கினால் போதும்’ என்று உற்சாகப்படுத்துவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. அதைச் சொல்வதே ஒரு பகுதிதான். ‘அப்படிச் சொல்பவர் எப்படி இருப்பார்? அவர் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறார்?’ என்று கேட்பேன். அவர் விரும்பினால் அந்தப் பகுதியே முதல் படமாகும். வேண்டாமென்றால் பழைய பத்திரிகைகளிலிருந்து அதற்குப் பொருத்தமான ஒரு படத்தை வெட்டி ஒட்டலாம். ஒரு வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தால்கூடப் போதும்.

எந்தப் பொருளைக் கையில் கொடுக்கிறோம் என்பது சிகிச்சையில் பாதி. கேகின், லூஸ்பிரிங்க் என்ற இருவர் 1978இல் முன்வைத்த ஒரு கோட்பாடு எனக்கு இதில் பெரிய துணை. பென்சிலும் ஸ்கெட்ச் பேனாவும் சொன்னபடி கேட்கும். கோடு போட்ட இடத்தில் நிற்கும். நிர்வாகிப் பகுதிகளுக்கு அது நிம்மதி. நீர்வண்ணமும் ஈரக் களிமண்ணும் பிடிக்குள் நிற்காமல் ஓடும், உணர்ச்சியைக் கிளப்பும். எனவே ஆரம்பத்தில் பென்சில், சிறிய தாள். தாளின் ஓரங்கள்கூட ஒரு பாதுகாப்பு. மற்றவை, காவல் பகுதிகள் சரி என்று சொன்ன பிறகு.

பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கும் பகுதியை, விரல் நீட்டும் பெரிய உருவமாக வரைகிறார். ‘அதைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்கிறேன். ‘வெறுப்பாக இருக்கிறது’ என்கிறார். வெறுப்பது இன்னொரு பகுதி. அதற்கும் ஒரு தாள். இரண்டையும் தரையில் வைக்கிறோம். ‘எவ்வளவு தூரத்தில் வைத்தால் மூச்சு சீராகிறது?’ அவரே எழுந்து தாள்களை நகர்த்துகிறார். சிறிது நேரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால், ‘பாவம், இது களைத்துப்போயிருக்கிறது’ என்கிறார். பேச்சில் மட்டும் இந்த இடத்துக்கு வர நெடுநாள் ஆகலாம். தனக்குள்ளிருந்து பேசிய ஒன்று இப்போது எதிரே தாளில் இருப்பதால் அதனிடமே கேள்வி கேட்க முடிகிறது. எத்தனை வயதிலிருந்து இந்த வேலையைச் செய்கிறாய்? நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்? ஓவியம் தரும் பெரிய கொடை இந்தத் தூரம்தான் என்பது இப்போது என் உறுதியான எண்ணம்.

இதற்காகவே நான் படத்துக்கு அர்த்தம் சொல்வதில்லை. கறுப்பு என்றால் மனச்சோர்வு, ஜன்னல் இல்லாத வீடு என்றால் தனிமை என்று அகராதி வைத்துக்கொண்டு படிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வரைந்தவருக்கு அந்தக் கறுப்பு, ஒளிந்துகொள்ள இதமான இருட்டாக இருக்கலாம். பெற்றோர் பிள்ளைகளின் படங்களைக் காட்டி ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்கிறார்கள். வரைந்த பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

ஆதாரங்கள் எப்படி என்பீர்கள். 2016இல் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வில் 39 பெரியவர்கள் 45 நிமிடம் கலை வேலையில் ஈடுபட்டார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஹார்மோனான கார்டிசாலின் அளவு குறைந்தது. அதற்கு முன் வரைந்த அனுபவம் இருந்ததா என்பது வித்தியாசம் எதையும் தரவில்லை. 2013இல் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ஐ.எஃப்.எஸ். வலியையும் மனச்சோர்வையும் குறைக்க உதவியது தெரிந்தது. இவை சிறிய ஆய்வுகள். மருந்து தேவைப்படுபவர் இதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலையில் இருப்பவரிடம் பகுதிகளைப் பற்றிப் பேசுவதில் நான் மிகவும் தயங்குவேன்.

கடைசியாக, யாரிடம் போவது என்பது. பிரிட்டனில் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்ற பட்டத்தைச் சட்டம் பாதுகாக்கிறது. பதிவு இல்லாமல் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஐ.எஃப்.எஸ். பயிற்சி முடித்தவர் அதனாலேயே உளவியல் சிகிச்சையாளர் ஆகிவிடுவதும் இல்லை. அதனால் தயங்காமல் கேளுங்கள்: அடிப்படைப் படிப்பு என்ன? உங்கள் வேலையை மேற்பார்வையிடும் மூத்தவர் இருக்கிறாரா? நீங்களும் சிகிச்சைக்குப் போயிருக்கிறீர்களா? நான் வரைந்த படங்கள் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், சிகிச்சை முடிந்ததும் அவை என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் ஒரு கோடுகூட வரையாதீர்கள். அவர் அனுமதி கேட்காமலே உங்கள் படத்தை இணையத்தில் போட்டவராக இருந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கேள்விகளைக் கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி.