ஒரே நாளில் பிரிட்டிஷ் அரசின் முடிவை மாற்றிய கோல்: மார்கஸ் ரஷ்போர்ட்

[திரையில்: 2020 ஜூன் 15 → ஜூன் 16]

22 வயது உதைபந்தாட்ட வீரர் ஒருவர் பிரிட்டிஷ் எம்.பி.மாருக்குக் கடிதம் எழுதுகிறார். அடுத்த நாளே அரசாங்கம் தன் முடிவை மாற்றுகிறது. எப்படி?

வணக்கம் கொழும்பு! வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடுச்சாமத்தில் கண்முழித்து மட்ச் பார்ப்பவர்களுக்கு ரஷ்போர்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆட்டக் கதையை மடமடவென்று சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டர் பொடியன், 7 வயதில் மான்செஸ்டர் யுனைட்டட் கிளப்பின் அகடமி. 2016 பெப்ரவரி 25, வார்ம்-அப்பில் சக வீரர் அந்தோனி மார்சியலுக்குக் காயம். அந்த இடத்தில் இறங்கி டென்மார்க் கிளப் மிட்டிலாண்டுக்கு எதிராக 2 கோல். மூன்று நாளில் ஆர்சனலுக்கு எதிராக இன்னும் 2. இங்கிலாந்துக்கு ஆடிய முதல் மட்ச்சில் மூன்றாவது நிமிடமே கோல். 2022-23 சீசனில் 30 கோல்.

இனித்தான் விஷயம்.

2020 ஜனவரியில் முதுகெலும்பில் முறிவு, மைதானத்துக்குப் போக முடியாது. மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளும் மூடப்படுகின்றன. இலவச பகல் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இவரே அந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவர். அம்மா ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அதனால் மீதி உணவைச் சேகரித்துப் பகிரும் ஃபேர்ஷேர் அமைப்போடு கைகோக்கிறார்.

ஆனால் கோடை விடுமுறைக்கு உணவு வவுச்சர் கிடையாது என்கிறது அரசு. அப்போதுதான் அந்தக் கடிதம்.

[திரையில்: 15 × 6 = 90]

இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பிள்ளைக்கு வாரம் 15 பவுண், அதாவது பாடசாலை நாளொன்றுக்கு 3 பவுண். ஆறு வாரத்துக்கு 90. 13 இலட்சம் பிள்ளைகளால் பெருக்குங்கள்: 11 கோடி 70 இலட்சம். அரசு அறிவித்த தொகை 12 கோடி பவுண்! "ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள்" என்றால் தலையாட்டிவிட்டுப் போகலாம். இவ்வளவு பேர், இத்தனை வாரம் என்று கேட்டால் ஆம், இல்லை இரண்டில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்து வரும் பாடசாலை விடுமுறைகளுக்கும் உணவு தர வேண்டும் என்ற கோரிக்கைக்கு, ஒக்டோபரில் பாராளுமன்றம் 322க்கு 261 என்ற வாக்குக் கணக்கில் இல்லை சொன்னது. 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். நவம்பரில் அரசு மறுபடி இறங்கி வந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2021 ஜனவரியில் வவுச்சருக்குப் பதிலாகச் சில வீடுகளுக்குச் சாமான் பொதி போனது. ஒரு தாய் போட்ட படத்தைப் பாருங்கள்: ஒரு பாண், இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு கரட், மூன்று அப்பிள், ஒரு பீன்ஸ் டின், கொஞ்சம் சீஸ், கொஞ்சம் பாஸ்தா. பத்து நாளைக்கு என்று தாய் சொன்னார். ஐந்து நாளைக்கு என்று பொதி அனுப்பிய நிறுவனம் சொல்லி, மன்னிப்பும் கேட்டது. ரஷ்போர்ட் அந்தப் படத்தைப் பகிர்ந்ததும் நாடே கொதித்தது.

ஏன் இப்படி ஆகிறது? பொதி கட்டும் கூலி, வண்டிக் காசு எல்லாம் அந்தப் பணத்திலிருந்தே போகும். வீட்டில் என்ன இருக்கிறது, பிள்ளை எதைச் சாப்பிடும் என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. வவுச்சர் என்றால் தாயே கடைக்குப் போய், மலிவாக இருப்பதைப் பார்த்து வாங்குவார். என் கருத்தில் வவுச்சர்தான் சரி.

உங்கள் ஏரியா கிளப்பும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க யோசிக்கிறதா? எத்தனை பிள்ளைகள், ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை ரூபாய், எத்தனை நாள்? இந்த மூன்று இலக்கத்தையும் கமெண்டில் எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.