ஓட்டை விழுந்த குடம்

(நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டப் பெரியவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். நகர்மன்றத் தலைவர் அவர்கள் இன்று மூன்று நிகழ்ச்சிகளுக்கு இடையில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருடம் இந்தக் கட்டடத்தின் மேல்தளம் ஒழுகுகிறது என்று நாம் மனு கொடுத்தோம். மழை வருவதற்குள் ஓடு மாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். பந்தலுக்கும் நாற்காலிக்கும் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட ஒலிபெருக்கிக் கடை அண்ணனுக்கும் நன்றி. எனக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் எடுத்த தலைமையாசிரியர் ஐயா எண்பத்தெட்டு வயதில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஐயா, உங்கள் காலைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

மேசைமேல் இருக்கும் பித்தளைக் குடத்தை எல்லோரும் பார்க்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

நூலக வாரம் ஒவ்வொரு வருடமும் நவம்பர் 14 அன்று தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-இல், அதே நவம்பர் 14 இரவில்தான் இங்கிலாந்தில் கோவன்ட்ரி என்ற தொழில் நகரத்தின்மேல் ஜெர்மன் விமானங்கள் விடிய விடியக் குண்டு போட்டன. காரும் விமான இன்ஜினும் செய்கிற ஊர் அது. ஒரே இரவில் 568 பேர் செத்தார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க். கப்பல் கட்டுகிற ஊர், நம் பாட்டிமார் வீட்டில் இருந்தது போன்ற சிங்கர் தையல் மிஷினைச் செய்த ஊர். இரண்டு இரவுக்குப் பிறகு சேதமில்லாமல் அங்கே நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தொழில் இருக்கும் இடத்தைத் தேடித்தான் குண்டு வந்தது. தொழில் இருக்கும் இடத்தைத் தேடித்தான் நம் ஆட்களும் போனார்கள். அதனால்தான் இது நம்முடைய கதையும்கூட. அதே போரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட மூன்று ஊர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று பர்மாவில் இருக்கிற ரங்கூன், இரண்டு விசாகப்பட்டினம், மூன்று கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகம்.

என் தாத்தாவுக்கு ஒரு பழமொழி உண்டு. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று." மாடு முட்ட வந்து வேட்டி கிழிந்தாலும் அதைத்தான் சொல்வார், மழையில் ஒரு சுவர் மட்டும் விழுந்தாலும் அதைத்தான் சொல்வார். எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. என் அப்பத்தா ஒருத்தியைத் தவிர.

தாத்தா ரங்கூனில் ஆற்றோரத்து அரிசி ஆலை ஒன்றில் பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலை பார்த்தார். அந்தக் காலத்து ரங்கூனைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1931 கணக்குப்படி அந்த நகரத்தில் நாலு லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். மொகல் தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தெலுங்கர், தமிழர், ஒரியர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியத்தில் எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலை. பர்மாவிலிருந்து ஒரு வருடத்துக்கு முப்பது லட்சம் டன் வரை அரிசி கப்பல் ஏறியது. ஆலையில் எரிகிற உமியின் கரி, காய்கிற துணியில் எல்லாம் வந்து படியும் என்று அப்பத்தா சொல்லும். வெள்ளை வேட்டி என்று ஒன்று அந்தத் தொழிலாளர் லைன் வீடுகளில் யாரிடமும் கிடையாதாம்.

1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. குழாயடியில் குடங்கள் வரிசையில் இருக்கின்றன. நம் ஊர் வழக்கம்தான், ஆள் நிற்காது, குடம் நிற்கும். அப்பத்தாவின் குடம் மூன்றாவது. அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்காவின் குடம். இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அப்பத்தாவுக்குப் பிரசவம் பார்த்தது அந்த அக்காதான். என் பெரியப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம்.

சங்கு ஊதுகிறது. அதற்கு முன்னால் ஒத்திகைக்குப் பல தடவை ஊதியிருக்கிறார்கள், அதனால் யாரும் பதுங்கு குழிக்குள் போகவில்லை. வானத்தில் வெள்ளி வெள்ளியாக விமானங்கள். வெயிலில் மின்னுகின்றன. ஜனங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். கொக்குக் கூட்டம் மாதிரி அழகாக இருந்தது என்று அப்பத்தா சொல்லும். அழகாக இருந்தது என்று சொல்லும்போது அதன் குரல் தாழ்ந்துவிடும். அன்று ரங்கூனில் அத்தனை பேர் செத்ததற்கு ஒரு காரணம் இதுதான். குண்டு விழும்போது ஜனம் தெருவில் நின்றது.

உள்ளே பெரியப்பா அழுகிற சத்தம் கேட்டது. "அக்கா, என் குடம் நிரம்பினா எடுத்து வை, பால் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அப்பத்தா வீட்டுக்குள் போனது. போய்ப் பிள்ளையை மடியில் போட்டதுதான் தெரியும். தரை தூக்கிப் போட்டது. கூரைத் தகரம் முதுகில் விழுந்தது. காது அடைத்துப் போய், சத்தமே இல்லாமல் எல்லாம் நடந்ததாம். வெளியே வந்தபோது குழாய் இல்லை. வரிசை இல்லை. அக்கா இல்லை. உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குடம் சாக்கடை ஓரம் கிடந்தது.

இந்தக் குடம்தான் அது. பக்கத்தில் இருப்பவர்கள் பாருங்கள். வயிற்றுப் பகுதியில் இரண்டு விரல் நுழைகிற ஓட்டை, விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கிறது. குண்டுச் சில் உள்ளே போன வழி. வெளியே வந்த வழி கிடையாது. அதற்குள் தண்ணீர் இருந்திருக்க வேண்டும், அதனால் சில் உள்ளேயே நின்றுவிட்டது என்று ஒரு பாத்திரக்கடைக்காரர் எனக்குச் சொன்னார். ஓட்டையை அரக்கு வைத்து அடைத்தது அப்பத்தா.

சாயங்காலம் தாத்தா ஆலையிலிருந்து ஓடி வருகிறார். பெண்டாட்டி பிள்ளை உயிரோடு இருப்பதைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்றார். அப்பத்தா அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது: "அப்ப அவ தலைப்பாகையா?"

அதற்குத் தாத்தாவிடம் பதில் இல்லை. இன்றுவரை என்னிடமும் இல்லை.

டிசம்பர் 25 மறுபடியும் குண்டு. துறைமுகத்தில் ஆள் இல்லை. ஊரைவிட்டு வடக்கே புரோம் நகரத்துக்குப் போகிற சாலையில் நடந்துகொண்டிருந்த தொழிலாளர்களில் பலரைச் சமாதானம் சொல்லித் திருப்பி அழைத்துவந்தது அரசாங்கம். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். எங்கள் வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. பிப்ரவரியில் புரோம் வரை போய், ஐராவதி ஆற்றைக் கடந்து, மலை ஏறி, டவுங்கப் வழியாகக் கடற்கரைக்கு நடந்து, படகில் அக்யாப், அப்புறம் சிட்டகாங், அப்புறம் ரயில். வழியெல்லாம் காலரா. மார்ச் 8-ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்துவிட்டான். அந்த மாதங்களில் பர்மாவைவிட்டு வந்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது.

அத்தனை தூரமும் ஓட்டைக் குடத்தை ஏன் சுமந்தாய் என்று கேட்டால், "அவ குடம்டா, அவ வீட்ல குடுக்கணும்ல" என்று சொல்லும் அப்பத்தா. கழுத்துக்குக் கீழே பெயர் வெட்டியிருக்கிறது, பாருங்கள். "சி. ரா." அவ்வளவுதான். எந்த ஊர் என்று அப்பத்தாவுக்குத் தெரியும், சாகிற வரைக்கும் தெரிந்திருந்தது. நாங்கள்தான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் கிரிக்கெட் பார்ப்பேன். பக்கத்து அறையில் அது உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது, விசாகப்பட்டினம். 1942 ஏப்ரல் 6-ஆம் தேதி அங்கேயும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ரங்கூனோடு பார்த்தால் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. ஆனால் அந்தச் செய்தியில் சென்னைப் பட்டணமே காலியானது. மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகளை, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடும் என்று சுட்டுக் கொன்றார்கள். பட்டணத்துக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இந்த மேடையில் இருக்கிற பலர் வீட்டிலும், "குண்டுக்குப் பயந்து தாத்தா ஊருக்கு வந்தார், அப்படியே தங்கிவிட்டோம்" என்று ஒரு பேச்சு இருக்கும். அதை யார் எழுதி வைத்தார்கள்?

நான் இங்கே வந்ததே இதைக் கேட்கத்தான். இங்கிலாந்தில் பிபிசி வானொலிக்காரர்கள் 2003-இல் தொடங்கி மூன்று வருடத்தில், போர்க்கால நினைவுகளைச் சாதாரண ஜனங்களிடமிருந்தே வாங்கிச் சேர்த்தார்கள். 47,000 கதைகள் சேர்ந்தன. வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றால், நூலகங்களில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். கோவன்ட்ரிப் பாட்டிக்கு அது நடந்தது. ரங்கூன் அப்பத்தாவுக்கு நடக்கவில்லை. அன்று விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டியிருக்கும். இன்னும் எத்தனை நவம்பர் நமக்குக் கிடைக்கும்?

நகர்மன்றத் தலைவர் அவர்களை இந்த மேடையில் வைத்தே கேட்டுக்கொள்கிறேன். ஓடு மாற்றிய அந்த மேல்தளத்து அறை சும்மாதான் கிடக்கிறது. அதை எங்களுக்குக் கொடுங்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், காற்றாடி போதும். கல்வி அலுவலர் அவர்களே, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேலையாக இதைக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். பாட்டியிடம் போனை வைத்துவிட்டுப் பேசவிட்டால் போதும். முக்கியமாகப் பெயர், ஊர், தெரு, எந்தக் கப்பல், கூட வந்தவர் யார், வழியில் போனவர் யார் என்று கேட்டு வாங்குங்கள். நூலகர் அம்மா பதிவேடு போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி.

கல்கத்தாவைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். 1943 டிசம்பர் 5 பட்டப்பகலில் கிடர்பூர் துறைமுகத்தில் குண்டு விழுந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

கீழத்தெருவில் ஒரு அம்மா இருக்கிறார்கள், ரங்கூனில் பிறந்தவர்கள், காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கூட வருகிற மாணவர்கள் வாசலில் பெயர் கொடுங்கள். குடம் இரவு எட்டு மணி வரை இந்த மேசைமேல்தான் இருக்கும். தாய்மார்கள் கிட்டே வந்து அந்த இரண்டு எழுத்தையும் பாருங்கள், எழுத்து வெட்டிய விதத்தைப் பாருங்கள். "சி. ரா." உங்கள் வீட்டில் பர்மாவுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

வணக்கம்.