சேர்ந்து தேடினால் விடை கிடைக்கும்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, டாக்டர் படிப்பை முடித்து ஸ்பெஷலிஸ்ட் ஆகப் பயிற்சி எடுக்கும் பிள்ளை ஒருவர் இருக்கலாம். ரெஜிஸ்ட்ரார் என்போம். 2011 முதல் பயிற்சியில் சேருகிறவர்கள் ஓர் ஆய்வையும் முடித்தால்தான் தென்னாப்பிரிக்காவில் ஸ்பெஷலிஸ்டாகப் பதிய முடியும். இரவு டியூட்டிக்கும் பரீட்சைக்கும் நடுவே, ஒரே மருத்துவமனையின் கோப்புகளைத் தனியாக உட்கார்ந்து புரட்டுகிறார்கள். பட்டம் கிடைத்துவிடும். ஆனால் நூறு நோயாளிகளை மட்டும் பார்த்து ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று உறுதியாகச் சொல்வது கடினம். அத்தனை உழைப்பும் அலமாரிக்குள் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் வட்டாரத்துப் பயிற்சி அறுவை மருத்துவர்கள் ஒன்றுகூடினார்கள். வயிற்று ஆபரேஷனில் வெட்டுவாயைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை, புண்ணில் கிருமி தொற்றாமல் காக்கிறதா? 21 மருத்துவமனைகளில் 760 பேரிடம் சோதித்தார்கள். காக்கவில்லை என்று 2013இல் தெரிந்தது. வேண்டாததை வேண்டாம் என்று சொல்லவும் இத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

நம் ஆப்பிரிக்கக் கண்டத்திலும் இப்படி நடந்திருக்கிறது. கேப் டவுனிலிருந்து வழிநடத்திய ஆய்வில் 25 நாடுகளின் 247 மருத்துவமனைகள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வாரம்தான் கணக்கெடுத்தது. மொத்தம் 11,422 நோயாளிகள். 2018இல் வந்த முடிவு மனதை உலுக்கியது. நம் நோயாளிகள் இளையவர்கள்; அப்படியிருந்தும் ஆபரேஷனுக்குப் பின் இறப்பவர்கள் உலகச் சராசரியைப் போல இரு மடங்கு. பெரும்பாலான இறப்புகள் ஆபரேஷன் நாள் கடந்த பிறகே நேர்ந்தன. அப்படியென்றால் கண்காணிப்பைக் கூட்ட வேண்டிய இடம் வார்டு.

டர்பனில் இதைச் செய்ய முடியும். சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே.கான், ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி, கிங் எட்வர்ட் என்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் பொறுப்பேற்க ஒரு ரெஜிஸ்ட்ரார் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆய்வு தேட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று போதும். ஒரு தாளில் அடங்கும் விவரம். ஆய்வு முறையானதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக்குத்தான் நாள் பிடிக்கும், அதை முதலிலேயே தொடங்கிவிட வேண்டும். அப்புறம், வேறு மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போகிறவர் அடுத்தவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். விவரம் சேகரித்த ஒவ்வொருவர் பெயரும் கட்டுரையில் வர வேண்டும். இதில் மூத்த மருத்துவர்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நேயர்களே, நாளை வார்டில் ஓர் இளம் டாக்டர் உங்களிடம் ஆய்வுக்குச் சம்மதம் கேட்டால், எதற்கு என்று தாராளமாகக் கேளுங்கள். பெயர் வெளியே போகுமா என்றும் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். அதனால் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது.