அகஸ்டா சாவேஜ்: களிமண்ணும் கல்யாணங்களும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிச் சிற்பி அகஸ்டா சாவேஜ். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேராக 1923க்குப் போய்விடுவார்கள். பிரான்சின் ஃபோந்தேன்புளோ கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தார், கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்கத் தேர்வுக் குழு இடம் தரவில்லை, அவர் பத்திரிகை வரை கொண்டுபோனார். பெரிய சண்டைதான். நான் வீட்டுக்குள் நடந்ததைப் பேசப் போகிறேன்.

1892இல் புளோரிடாவின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் பிறந்தார். செங்கல் அறுக்கும் ஊர், களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. சின்னப் பெண் அதில் வாத்துப் பொம்மை செய்து விளையாடினாள். அப்பா மெதடிஸ்ட் போதகர். உருவம் செய்வது பாவம் என்று வாரத்துக்கு நாலைந்து முறை அடி விழும். 15 வயதில் கல்யாணம், அடுத்த வருடமே மகள் ஐரீன். அந்தக் கணவர் சில வருடங்களில் இறந்துவிட்டார். இரண்டாவது கணவர் ஜேம்ஸ் சாவேஜ். அந்தக் கல்யாணம் விவாகரத்தில் முடிந்தது. ஆனால் பெயரை விடவில்லை. மூன்றாவது கல்யாணத்துக்குப் பிறகும் சாவேஜ்தான்.

1921இல் மகளைப் பெற்றோரிடம் விட்டுவிட்டு நியூயார்க் போகிறார். கையில் 4 டாலர் 60 சென்ட். இதை எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், எனக்கு முடியவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் அம்மாவை விட்டு இருந்திருக்கிறாள். சரி, இதே காரியத்தை ஓர் ஆண் ஓவியர் செய்திருந்தால் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். இரண்டும் மனதில் கிடக்கிறது.

அங்கே அவர் சேர்ந்த கூப்பர் யூனியன் கல்லூரியில் அப்போது படிப்புக்குக் கட்டணமில்லை. வயிற்றுக்கும் வாடகைக்கும் கட்டணம் உண்டே! 1923 அக்டோபரில் ராபர்ட் போஸ்டனைக் கல்யாணம் செய்கிறார், கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் இயக்கத்துக்காரர். ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆப்பிரிக்காவின் லைபீரியா போய்த் திரும்பும் கப்பலிலேயே போஸ்டன் இறந்துவிட்டார். அப்புறம் சலவைக்கூட வேலை. 1925இல் ரோமில் படிக்க உதவித்தொகை கிடைக்கிறது, கப்பல் செலவுக்குப் பணமில்லாமல் அதுவும் கைவிட்டுப் போகிறது. அடித்த அதே அப்பா பக்கவாதத்தோடு ஹார்லெமில் இவருடைய சின்ன வீட்டுக்கே வந்து சேர்கிறார். குடும்பத்துக்கே இவர் சம்பாத்தியம்தான்.

அந்த நெரிசலுக்குள் இருந்துதான் 1929 வாக்கில் ‘காமின்’ வருகிறது. ஒரு தெருப் பையனின் மார்பளவுச் சிலை. தொப்பி ஒரு பக்கம் சரிந்திருக்கும், ‘உன்னை எனக்குத் தெரியும்’ என்கிற மாதிரி ஒரு பார்வை. அதை வைத்துத்தான் ரோசன்வால்ட் அறநிதியின் உதவித்தொகை, பாரிஸ் படிப்பு எல்லாம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அவர் செய்த 16 அடி ‘ஹார்ப்’ சிற்பம்தான் பிரபலம். வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லாததால் கண்காட்சி முடிந்ததும் இடித்துவிட்டார்கள். இருந்தாலும் என் ஓட்டு காமினுக்குத்தான். வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படத்தைத் தேடிப் பாருங்கள்.

அடுத்த வீடியோவில் இவரிடம் படித்த க்வெண்டலின் நைட். அவரைக் கட்டிக்கொண்டவரும் ஓவியர், ஜேக்கப் லாரன்ஸ். அந்த வீட்டில் யார் பெயர் வெளியே தெரிந்தது என்று பேசலாம்.