தங்குவதா, கிளம்புவதா: நுரையீரலுக்குள் ஒரு பாக்டீரியா எடுக்கும் முடிவு

(திரையில்: ஆய்வகத் தட்டு. நடுவில் மருந்து வில்லை, அதைச் சுற்றி வெறுமையான வட்டம்.)

நோயாளியின் சளியை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாவைத் தட்டில் வளர்க்கிறார்கள். மேலே ஒரு ஆன்டிபயாடிக் வில்லையை வைக்கிறார்கள். மறுநாள் பார்த்தால் வில்லையைச் சுற்றி எதுவுமே வளரவில்லை. இந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று அறிக்கை வருகிறது. மருந்தைக் கொடுத்ததும் இருமல் குறைகிறது. கொஞ்ச நாள் கழித்து அதே கிருமி, அதே நுரையீரலில் மறுபடியும் தலைதூக்குகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இப்படியே போகிறது. தட்டில் செத்தது மார்புக்குள் ஏன் சாகவில்லை?

(திரையில்: மூச்சுக்குழாயின் உட்சுவர், அசையும் நுண்மயிர்கள்.)

இந்தக் கிருமியின் பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாகக் கிடப்பது. நல்ல நுரையீரலுக்குள் போனால், மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் சளியோடு சேர்த்து மேலே தள்ளிவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களிடம் அது சரியாக நடப்பதில்லை. 1989-இல் கண்டறியப்பட்ட சிஎஃப்டிஆர் மரபணு அவர்களிடம் பழுதாகியிருக்கிறது. அதனால் மூச்சுக்குழாயின் உட்பரப்பில் உப்பும் நீரும் சரியான அளவில் இருப்பதில்லை. சளி பிசின்போல் இறுகிவிடுகிறது. மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோன பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகளிடமும் இந்தக் கிருமி இதேபோல் வந்து தங்குகிறது.

தங்குவது என்றால் எப்படி? பயோஃபிலிமாக, தமிழில் உயிர்ப்படலமாக. இந்தச் சொல்லைக் கேட்டதும் குழாயின் உட்புறத்தில் படிந்த வழுவழுப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நுரையீரலில் அது சுவரில் ஒட்டிய படலமாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. சளிக்குள்ளேயே சின்னச் சின்னத் திரள்களாக இருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர் நீல்ஸ் ஹோய்பி 1970-களிலேயே இந்தத் திரள்களைக் கவனித்தார். பெரும்பாலானவை 100 மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை. சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டிஎன்ஏ எல்லாம் கலந்த ஒரு பசை; அதற்குள் பாக்டீரியாக்கள்.

(திரையில்: நீந்தும் ஒரு பாக்டீரியா. வால் சுழல்கிறது. மெல்ல நிற்கிறது.)

பசை தயாரிப்பது செலவுள்ள வேலை. ஆகவே தேவைப்படும்போது மட்டும் தயாரிக்கும்படி அதற்குள் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அதன் மையத்தில் ஒரு சிறிய மூலக்கூறு: சைக்ளிக் டை ஜிஎம்பி. 1987-இல் மோஷே பென்சிமான் குழுவினர் இதைக் கண்டுபிடித்தபோது நுரையீரலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. செல்லுலோஸ் நெய்யும் ஒரு பாக்டீரியாவைத்தான் அவர்கள் ஆராய்ந்தார்கள். பிறகுதான் ஏராளமான பாக்டீரியாக்கள் இதே மூலக்கூறை வைத்துக் கணக்குப் போடுவது தெரிந்தது. அளவு குறைவாக இருந்தால் நீந்து, கூடினால் தங்கு. இதை உண்டாக்கும் என்சைம்களும் உடைக்கும் என்சைம்களுமாக சூடோமோனாஸிடம் சுமார் 40 இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு செய்தியைக் கவனிக்கிறது: மேற்பரப்பைத் தொட்டோமா, ஆக்சிஜன் எவ்வளவு, உணவு உண்டா.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஃப்ளெக்யூ என்ற புரதம். கொஞ்சம் நின்று பார்ப்போம். இது டிஎன்ஏ மேல் உட்கார்ந்திருக்கும். சைக்ளிக் டை ஜிஎம்பி குறைவாக இருக்கும்வரை, நீந்தும் வாலை உருவாக்கும் மரபணுக்களை இயக்கி, பசை உருவாக்கும் மரபணுக்களை அடக்கி வைக்கும். அந்த மூலக்கூறு பெருகி இதன்மேல் வந்து ஒட்டியதும் நிலைமை தலைகீழாகிறது. வால் வேலை குறைகிறது, பெல், பிஎஸ்எல் என்ற பசைச் சர்க்கரைகளின் உற்பத்தி தொடங்குகிறது. இரண்டு வேலைக்கும் ஒரே புரதம்! ஒரே நேரத்தில் ஓடவும் உட்காரவும் முயன்று சக்தியை வீணாக்க வழியே இல்லை.

(திரையில்: ஒரு தராசு. ஒரு தட்டில் ஊசி, இன்னொன்றில் பசைத் திரள்.)

இதற்கு இணையாக இன்னொரு தராசும் உண்டு. ஆர்எஸ்எம்ஏ என்ற புரதம் தனியாகத் திரியும்போது பாக்டீரியா தாக்கும் நிலையில் இருக்கும். நம் செல்களுக்குள் நஞ்சைச் செலுத்தும் ஊசி போன்ற கருவி தயாராகும். ஆர்எஸ்எம்ஒய், ஆர்எஸ்எம்இசட் என்ற இரண்டு குட்டி ஆர்என்ஏக்கள் அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஊசி ஒதுங்கி, பசை பெருகும். திடீர்த் தொற்றுக்கு முதல் முகம், நாள்பட்ட தொற்றுக்கு இரண்டாவது முகம் என்று தோராயமாகச் சொல்லலாம்.

கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று பாக்டீரியாக்கள் வேதிச் சமிக்ஞைகளால் விசாரித்துக்கொள்வதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் உயிர்ப்படலத்தின் அமைப்பைப் பாதிக்கிறது. ஆனால் நாள்பட்ட நோயாளிகளிடம் எடுத்த சூடோமோனாஸில், அந்தச் சமிக்ஞையைக் கேட்கும் லாஸ்ஆர் மரபணுவே பழுதாகியிருப்பதை அடிக்கடி காண்கிறார்கள். நுரையீரல் கதை பாடப்புத்தகத்தை விட்டு விலகுவது இங்கேதான்.

(திரையில்: இரண்டு தட்டுகள். ஒன்றில் பளபளக்கும் கொழகொழப்பான கூட்டங்கள், மற்றதில் சுருக்கம் விழுந்த சின்னக் கூட்டங்கள்.)

இதுவரை சொன்னதெல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவுகள். இன்று தங்கலாம், நாளை கிளம்பலாம். ஆண்டுக்கணக்கில் ஒரே மார்புக்குள் இருக்கும்போது, கட்டுப்பாட்டுக் கருவிகளே உடைந்த பாக்டீரியாக்கள் தேர்வாகி நிலைத்துவிடுகின்றன. உதாரணமாக, எம்யூசிஏ என்ற புரதம் ஒரு பிரேக். ஆல்ஜினேட் என்ற பசையின் உற்பத்தியை அது பிடித்து நிறுத்துகிறது. அதன் மரபணு கெட்டால் ஆல்ஜினேட் கொட்டிக்கொண்டே இருக்கும். நம் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல உமிழும் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கே இப்படிப்பட்ட மாற்றத்தை உண்டாக்கும் திறன் இருப்பதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். டபிள்யூஎஸ்பிஎஃப் என்பது இன்னொரு பிரேக். அது போனால், பாக்டீரியா மேற்பரப்பு எதையும் தொடாமலேயே தொட்டதாக நினைத்து சைக்ளிக் டை ஜிஎம்பியை ஓயாமல் உற்பத்தி செய்யும். சுருக்கம் விழுந்த சின்னக் கூட்டங்களை இந்த வகை உண்டாக்கும்.

சரி, மருந்துக்கு வருவோம். பசை ஒரு கோட்டைச் சுவர், மருந்து உள்ளே போகவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. டோப்ராமைசின் போன்ற நேர்மின்னேற்றமுள்ள மருந்துகள் பசையில் சிக்கித் தாமதமாவது உண்மைதான். அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கிறது. சுற்றிலும் குவிந்த வெள்ளையணுக்கள் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால் திரளுக்குள் இருக்கும் பாக்டீரியா மூச்சுமுட்டி, மிக மெதுவாக வளர்கிறது. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளோ சுறுசுறுப்பாக வளர்வதைத்தான் நன்றாகக் கொல்லும். ஆய்வகத் தட்டில் இருந்தது அப்படி வளரும் கூட்டம். இன்னொன்றும் கவலை தருகிறது: கொல்லப் போதாத அளவில் டோப்ராமைசின் பட்டால், சூடோமோனாஸ் கூடுதலாக உயிர்ப்படலம் கட்டுவதை 2005-இல் கண்டறிந்தார்கள். அரைகுறை அளவு மருந்து அதற்கு ஓர் எச்சரிக்கை மணி.

(திரையில்: திரள் கலைகிறது, பாக்டீரியாக்கள் நீந்திப் போகின்றன.)

தங்குவது என்ற அந்த முடிவையே மாற்ற முடியுமா? நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் சைக்ளிக் டை ஜிஎம்பி குறைந்து திரள் கலைகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் சிலரிடம் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துச் சிறிய அளவில் இதைச் சோதித்தும் இருக்கிறார்கள். சேர்த்தே கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கலைந்து கிளம்பும் பாக்டீரியா நீந்தவும் பரவவும் தயாராகிவிடுகிறது. அந்த நேரத்தில் மருந்து கையில் இல்லாவிட்டால் ஆபத்து. நம் உடலும் தன் பங்குக்கு முயல்கிறது. கண்ணீரிலும் சளியிலும் உள்ள லாக்டோஃபெரின் என்ற புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டால், சூடோமோனாஸ் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது, படலம் கட்டுவதில்லை. இதைக் காட்டியது 2002-இல்.

2019-இல் சிஎஃப்டிஆர் புரதத்தைச் சீராக்கும் மூன்று மருந்துகளின் கூட்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது பொருந்தும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சளி இளகுகிறது, மூச்சு எளிதாகிறது, சளியில் கிருமிகளின் எண்ணிக்கையும் இறங்குகிறது. ஆனாலும் பலரிடம் பழைய சூடோமோனாஸ் முழுதாகப் போவதில்லை. இருப்பிடம் மாறிய பிறகும், பிரேக் உடைந்த அந்தப் பரம்பரைகள் இன்னும் பசை கட்டிக்கொண்டிருக்கின்றன.